செஞ்சிக் கோட்டையும் நாலரை அடி தடுப்பும்

செஞ்சி ராஜகிரி மலை உச்சிக்கு ஏறியவர்களுக்கு அந்தப் பாலம் நினைவிருக்கும். சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு. அதைக் கடக்க ஒரே ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும்! 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படையால் 1698-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. (அதற்குள் உள்ளே இருந்த ராஜாராம் தப்பிவிட்டார் என்பது வேறு கதை.) யார் வந்தாலும் ஒரே வழி, காவலர் கண்ணில் படாமல் நுழைய முடியாது. இதுதான் அந்தக் காலக் காவல்.

இணையத்தில் குழந்தைகளைக் காக்க இந்தியா முதலில் யோசித்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. செஞ்சி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் ஏது? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்தான் கதி. ரிசல்ட் பார்க்க, மெயில் அனுப்ப, சாட் பண்ண எல்லாவற்றுக்கும் ஒரே கடை, ஒரே வாசல், வாசலில் ஓர் அண்ணன். ஆனால் உள்ளே பலகை அடித்துத் தனித்தனி கேபின். ஆபத்து அங்கேதான் இருந்தது.

2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2008-ல் திருத்தம் செய்து 67பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை வெளியிடுவது மட்டுமல்ல, தேடுவதும் டவுன்லோடு செய்வதும் குற்றம். ஆசை காட்டிக் குழந்தைகளைத் தவறான ஆன்லைன் உறவுக்கு இழுப்பதும் குற்றம். முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

பிறகு 2011-ல் சைபர் கஃபே விதிகள் வந்தன. படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத இடங்களில் திரை எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் சிறுவர்களைக் கேபினுக்குள் விடக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் பலகையை அளந்து முடிப்பதற்குள் கடைகளே காணாமல் போகத் தொடங்கின! 2016-ல் ஜியோ வந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் ஆன்லைன் வகுப்புக்காக அப்பாவின் செல்போன் பிள்ளையின் கைக்குப் போனது. நாலரை அடிப் பலகை போய், கைக்குள் அடங்கும் திரை வந்துவிட்டது. இனி அதை யார் எட்டிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். 2017-ல் ப்ளூ வேல் விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரித்தது. 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் டவுன்லோடுக்கு இடைக்காலத் தடை விதித்தது. முன்பின் தெரியாதவர்களிடம் குழந்தைகள் சிக்குகிறார்கள் என்பது முக்கியக் காரணம். அமெரிக்காவில் 1998-லேயே குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்குச் சட்டம் இருக்கிறதே, இங்கே எப்போது என்றும் மத்திய அரசைக் கேட்டது. ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசே டிக்டாக்கை முடக்கியது. ஆனால் குழந்தைகளுக்காக அல்ல, நாட்டின் பாதுகாப்புக்காக!

அடுத்த திருப்பமும் தமிழ்நாட்டு வழக்கில்தான். குழந்தைகளின் ஆபாச வீடியோவைத் தன் செல்போனில் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதை "ஆபாசப் படம்" என்று அழைப்பதே தவறு, அது குழந்தை மீதான வன்கொடுமையின் பதிவு என்றும் சொன்னது. இது வெறும் சொல் மாற்றம் இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தை இருக்கிறது.

2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளங்களை மூடியது. அதே மாதம் மதுரைக் கிளை, அதுபோன்ற சட்டத்தை இங்கும் பரிசீலிக்கலாம் என்றது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. அவர்களுடைய தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம்.

பெற்றோரின் சம்மதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு செல்போன் உள்ள வீடுகளில் சிம் அப்பா பேரில், போன் பிள்ளை கையில். சம்மதம் கேட்டு ஓ.டி.பி. வந்தால் அதை முதலில் படிக்கப்போவது யார்?