கோட்டைக்குள் வந்த நவாப்

கவரைப்பேட்டையிலிருந்து புறநகர் ரயிலேறித் தலைமைச் செயலகத்துக்கு அலுவல் நிமித்தம் சென்று வருவோர் உண்டு. அதே புனித ஜார்ஜ் கோட்டைக்குள், ஆர்க்காட்டு நவாபுகளின் ஓவியங்களும் பொருள்களும் வைக்கப்பட்டுள்ள கோட்டை அருங்காட்சியகத்தைக் கண்டு வந்தோர் சிலரே. மாணவர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம்.

அங்கே முதற்காட்சிப்பொருள் அக்கட்டடமே. 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அதில் மதராஸ் வங்கி இயங்கியது. மாடியிலுள்ள நீண்ட கூடம் ஆங்கில வணிகர்கள் கூடிய எக்ஸ்சேஞ்ச் மண்டபம். லாட்டரிக் குலுக்கலும் கேளிக்கைகளும் அங்கு நடந்தன. 1796 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அதன் உச்சியில் கலங்கரை விளக்கமும் இருந்தது. 1948இல் அது அருங்காட்சியகமாயிற்று.

கீழே காரன்வாலிஸ் சிலை. அதன் பீடத்தில், திப்பு சுல்தானின் மைந்தர்கள் 1792இல் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மாடியிலோ ஆங்கில அரச குடும்பத்தார், ஆளுநர்கள் ஆகியோரின் ஓவியங்கள். நவாபுகளின் ஓவியங்கள் முன் நின்ற மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இத்தனை செல்வாக்குடையோர் எந்தப் போரில் நாட்டை இழந்தனர்?" எனக் கேட்டார்.

போரில் அன்று, கடனில் என்றோம். நவாப் முஹம்மது அலி வாலாஜா, தமக்காகப் போரிட்ட கம்பெனிப் படையின் செலவை ஏற்றார். 1763இல் நம் ஊரை அடுத்த பொன்னேரியை உள்ளடக்கிய செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்கு அளித்தார். அதுவும் போதாமல், கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் பெற்று, மாவட்டங்களின் நிலவரியை ஈடு வைத்தார். அவ்வட்டியின் சுமை உழவர் தலையில் விழுந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டித்துப் பேசுமளவு இக்கடன் விவகாரம் பெருகிற்று. 1799இல் திப்பு வீழ்ந்தபின், அவருடன் நவாபுகள் இரகசியக் கடிதத் தொடர்பு கொண்டனர் என்ற குற்றச்சாட்டைக் காரணங்காட்டி, 1801இல் கம்பெனி ஆட்சியைக் கைக்கொண்டது.

வாலாஜா கோட்டைக்குள் அரண்மனை எழுப்ப விரும்பினார். அது கைகூடாமல் 1768இல் சேப்பாக்கத்தில் அமைத்தார். கோட்டையில் அரண்மனைத் தெரு என்ற பெயர் மட்டும் எஞ்சியது. இன்று நவாபுகள் கோட்டைக்குள் இருக்கின்றனர், ஓவியங்களாக. அதுவும் வணிகர்கள் பேரம் பேசிய மாளிகையில்.

எக்ஸ்சேஞ்ச் நிறைவுற்ற அதே 1795இல்தான் வாலாஜா மறைந்தார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலும் அவ்வாண்டினதே. அதன் ஹிஜ்ரி 1209ஆம் ஆண்டை அப்ஜத் எண்முறையில் பாரசீகப் பாடலாக்கியவர், நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். அங்கே ஐவேளைத் தொழுகை இன்றும் தொடர்கிறது.

முன்னோரின் கொடைகளை நாம் மேடைதோறும் பேசுகிறோம்; அவர்தம் கடன்களைப் பேசுவதில்லை. கொடையை அறிய அப்பள்ளிவாசலுக்குச் செல்வோர், கடனை அறிய இம்மாளிகைக்கும் ஒருமுறை சென்று வருதல் வேண்டும்.