ஒளிவழி நுண்ணலை உருவாக்கம்

அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு லேசர் கதிர்களை ஓர் ஒளியுணரியில் சேர்ந்து விழவைத்து, அந்த வித்தியாசத்தையே நுண்ணலைக் குறிகையாக எடுக்கும் முறை. சுருதி விலகிய இரு தம்புராத் தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது எழும் விம்மலுக்கும் இதே கணக்குதான்.

ஒளியிழைத் தகவல்தொடர்பில் புழங்கும் 1550 நானோமீட்டர் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இரு லேசர்களுக்கும் அலைநீளத்தில் 0.08 நானோமீட்டர் வித்தியாசம் இருந்தாலே 10 கிகாஹெர்ட்ஸ் குறிகை கிடைத்துவிடும். ஒரு லேசரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் அதன் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். குறிகை 12 கிகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். மின்னணுச் சுற்றில் இத்தனை அகலமாகத் திருகுவது எளிதல்ல. முறையின் பலம் இது, பலவீனமும் இதுவே. சிறு வெப்ப மாற்றம் போதும், குறிகை நழுவிவிடும்.

இந்த எண்ணம் லேசருக்கு மூத்தது. 1955இல் ஃபாரெஸ்டர், குட்மண்ட்சன், ஜான்சன் மூவரும் பாதரச விளக்கின் நிறமாலைக் கோட்டைக் காந்தப்புலத்தால் பிளந்து, பிளவுகளின் வித்தியாசத்தை நுண்ணலையாகப் பிடித்தார்கள். விளக்கொளி ஒழுங்கற்றது என்பதால் குறிகை இரைச்சலுக்குள் புதைந்தே கிடந்தது. அதைத் தோண்டியெடுத்த பொறுமை லேசர் யுகத்துச் சோதனைகள் பலவற்றையும் விடப் பெரிது. லேசர் 1960இல் வந்தது.

ஆயினும் தனித்தனியே ஓடும் இரு லேசர்கள் ஒன்றுக்கொன்று கட்டுப்படுவதில்லை. 1983இல் கோல்ட்பர்க் குழு ஒரு தலைமை லேசரின் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் எழும் பக்கப்பட்டைகளோடு வேறு லேசர்களைப் பூட்டி இதற்கு வழி கண்டது. 1990களில் யாவோ, மலேக்கி இருவரும் இன்னொரு பாதையில் போனார்கள். ஒளியைக் கிலோமீட்டர் கணக்கான இழையில் ஓடவிட்டு, உணரியின் வெளியீட்டை, ஒளியில் குறிகையை ஏற்றும் பண்பேற்றிக்கே திருப்பி ஊட்டினார்கள். இழை நீள நீளக் குறிகை தூய்மையாகும்.

ஹாலுக்கும் ஹான்ஷுக்கும் 2005இல் நோபல் பரிசு வாங்கித்தந்த பணிகளில் ஒன்று அதிர்வெண் சீப்பு, அதாவது சம இடைவெளியில் நிற்கும் ஒளி அதிர்வெண்களின் வரிசை. ஒளியின் அதிர்வெண்ணை அது துல்லியமாக வகுக்கிறது. வகுக்கும் எண்ணின் வர்க்கத்துக்கேற்பக் கட்ட இரைச்சலின் (அலையின் தாளத்தில் நேரும் சிறு தடுமாற்றம்) திறன் குறையும். ஒளியிலிருந்து 10 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்க ஏறத்தாழ 19,000ஆல் வகுக்க வேண்டும். மின்னணு அலையியற்றிகள் எட்டாத தூய்மை இப்படித்தான் கைகூடியது. 2014இல் இத்தாலியின் பீசா குழு, குறிகை உருவாக்கம், பெறுதல் இரண்டையும் ஒளியாலேயே செய்யும் ரேடாரை இயக்கிக் காட்டியது.

இந்தியாவிலிருந்து கிடைத்த அடிப்படைப் பங்கு இதற்கெல்லாம் முந்தையது. ஒலியலை பாயும் ஊடகத்தில் ஒளி சிதறும் விதத்தைத் திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும் 1935-36இல் பெங்களூரில் கணித்தார்கள். ஒலியால் லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தும் இன்றைய கருவிகள் அந்தக் கோட்பாட்டுப் பரம்பரையில் வந்தவை.

இப்போதைய போட்டி மேசையை நிறைக்கும் கருவிகளைச் சில்லுக்குள் அடக்குவதில். சென்னை ஐஐடியில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஆதரவோடு இயங்கும் சிலிக்கான் ஒளியியல் மையம், நிரல்படுத்தக்கூடிய ஒளியியல் சில்லுகளை உருவாக்க முயல்கிறது.