குரங்கு தொடாத செடி எது? கறுவாவில் தொடங்கும் ஒரு கதை

கொஞ்சம் நீளமான பதிவு உறவுகளே, ஆறுதலாக வாசியுங்கள்.

2025 மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடெங்கும் மக்கள் தத்தமது வளவுகளில் நின்று குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணி எழுதினார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் அதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு மாதம் முன்னர், பெப்ரவரி 9இல் நாடு முழுக்க மின்சாரம் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கின் மீது பழி விழுந்ததே, அந்தச் சிரிப்பே இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஆனால் கண்டி, மாவனல்லை, கலகெதர என்று ஊர்ப்பக்கம் சொந்தங்கள் உள்ளவர்களுக்குத் தெரியும், அங்கே இது சிரிக்கும் விடயமில்லை. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய அதே நாட்களில் சொந்தத் தென்னையின் குரும்பைகளைக் குரங்கு பிய்த்தெறிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். "இனி என்னத்த நடுற, காணிய வித்துட்டு கொழும்புக்கே வாறோம்" என்ற பேச்சை எமது குடும்பங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

அப்படியானால் விலங்குகள் தொடாத செடியாகப் பார்த்து நட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு எமது தீவின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1344இல் இப்னு பதூதா இங்கு வந்தார். புத்தளக் கரையில் வெள்ளம் அடித்துவந்த கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்ததாகவும், இந்தியக் கரை மக்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று பதிலுக்கு மன்னருக்குத் துணிமணி கொடுத்ததாகவும் எழுதினார். அங்கிருந்து பாவா ஆதம் மலைக்குப் போனபோது அவர் கண்டது குரங்குக் கூட்டங்களை. கறுத்த உடல், நீண்ட வால், ஆண் குரங்குகளுக்கு மனிதரைப் போலத் தாடி. அவற்றுக்கு இலைகளால் தலைப்பாகை கட்டிய ஒரு தலைவர் உண்டு என்று அங்குள்ளவர்கள் சொன்ன கதையையும் சேர்த்தே பதிந்தார். கதை கிடக்கட்டும், அந்த வர்ணனை எமது மந்திக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஒரே பயணத்தில் கறுவாவும் மந்தியும். கறுவாவின் பட்டையிலும் இலையிலும் ஊறியிருக்கும் காரமான எண்ணெய், தின்ன வருவோரை விரட்டுவதற்கு அந்தச் செடி வைத்திருக்கும் மருந்து. நாம் அதைப் புரியாணியின் வாசம் என்கிறோம்.

காட்டில் உரித்துவந்த அந்தக் கறுவாவை 1769 அளவில் ஒல்லாந்த ஆளுநர் பல்க் மருதானையில் தோட்டப்பயிராக நட வைத்தார். கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அந்தத் தொடர்ச்சியில் வந்ததுதான். ஒல்லாந்தரின் பயமெல்லாம் மனிதரைப் பற்றியது. கறுவாச் செடியைச் சேதப்படுத்தினால் மரணதண்டனை என்று சட்டம் போட்டிருந்தார்கள். குரங்குக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

வயிற்றை நிரப்பும் பயிரின் கதை வேறு. கொட்டாஞ்சேனை என்ற பெயரையே பாருங்கள். கொட்டை வாதுமை மரங்கள் நின்ற சேனை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சேனை என்றால் காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்நிலம். பக்கத்தில் வுல்பெண்டால்: ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். அங்கே திரிந்த நரிகளை ஒல்லாந்தர் ஓநாய் என்று எண்ணி வைத்த பெயர். 1757இல் திறந்த அவர்களுடைய தேவாலயம் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. இன்று கடைகள் நெருங்கி நிற்கும் இடம், ஒரு காலத்தில் காட்டின் ஓரம். சேனை செய்தவனுக்கு விதைப்பதைவிடக் காவல்தான் பெரிய வேலை. குரக்கனும் சோளமும் முற்றும் காலத்தில் இரவெல்லாம் பரணில் இருந்து, தீ மூட்டி, சத்தம் போட்டு யானையையும் பன்றியையும் விரட்ட வேண்டும்.

இப்போது விலங்குகள் பெரும்பாலும் ஒதுக்கும் செடிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கறுவா, மிளகு, மஞ்சள், இஞ்சி, ரம்பை, சேரா, கறிவேப்பிலை, தேசி, பாகல். இது அப்படியே எமது சமையலறை வாசனைச் சாமான் பட்டியல்! கறியாக்கித் தின்னக்கூடியது அதில் பாகல் ஒன்றுதான். மாச்சத்தும் இனிப்பும் உள்ளவை, அதாவது பலா, மரவள்ளி, வற்றாளை, வாழை, தென்னை, எமக்கு வேண்டியது போலவே அவற்றுக்கும் வேண்டும். வெள்ளைக்காரனுக்குக் கறுவா காசு தந்தது, அவனுக்குச் சோறு வேறெங்கிருந்தோ கப்பலில் வந்தது. வாசனைப் பயிரை மட்டும் நட்டுவிட்டு நாம் சோற்றுக்கு எங்கே போவது?

இன்னொன்று, எல்லா விலங்கும் ஒதுக்கும் செடி என்று ஒன்று கிடையாது. போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் குரங்கின் வாயை எரிக்கும். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதே இல்லை, மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தை விழுங்கி விதையைப் பரப்பும். யானைக்குத் தோடை மரம் பிடிக்காது என்பதால் வஸ்கமுவப் பக்கத்துக் கிராமங்களில் தோடை நடுகிறார்கள். ஆனால் தோடம்பழத்தைக் குரங்கிடம் நம்பி விட முடியுமா?

வெள்ளவத்தையில் எமக்குக் குரங்கு இல்லை, இராட்சத நத்தை இருக்கிறது. அது ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 1900 அளவில் ஓர் ஆங்கிலேயர் வட்டவளையில் கொண்டுவந்து விட்டது, மழை பெய்தால் இன்று காலி வீதி மதில்களிலும் ஏறுகிறது. பப்பாசிக் கன்றையும் கீரையையும் ஒரே இரவில் முடித்துவிடும். ரம்பை, சேரா போன்ற நார் இலைகளை அவ்வளவாக நாடாது. மாடி வீட்டில் நாலு சாடி வைக்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஊரில் காணி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பதற்கு முன் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பிரதேச அலுவலரிடம் கேளுங்கள். கறுவா, மிளகுக் கன்றுகளும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும். குரங்கு இறங்கும் எல்லையில் அவற்றை நட்டு, மரவள்ளியையும் வாழையையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில், வீட்டின் அருகில் வையுங்கள். நஞ்சு மட்டும் வேண்டாம். கொழும்பின் புறநகர் வளவுகளில் பலாவும் றம்புட்டானும் தின்னும் மந்தி உலகில் வேறெங்கும் இல்லாதது, அழிவின் விளிம்பில் இருப்பது. மந்திக்கு வைத்த நஞ்சை அயல்வீட்டு ஆடும் தின்னும்.

கொட்டாஞ்சேனைக்குப் பெயர் தந்த அந்த வாதுமையோ வௌவாலுக்கு மிகப் பிடித்தது. மரத்தடியில் காரை நிறுத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.