எழுபது வளைவும் ஒரு வாளி மீனும்

செம்மேட்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நாலு மீனு செத்துப்போச்சு. அந்த நீலத்தை மட்டும் புடிச்சு அறப்பளீசுவரர் கோயில் ஆத்துல விட்டுடவா?"

நாமக்கல்லில் கலர் பார்த்து வாங்கிய ஆப்பிரிக்க சிக்லிட்கள். மலாவி ஏரிப் பாறைகளில் பாசி சுரண்டித் தின்னும் ம்புனா வகை. ஆண் மீனுக்கு ஒரு பாறை இடுக்கு சொந்தம். தன் நிறத்திலேயே இன்னொரு ஆண் வந்தால் துரத்தித் துரத்திக் கொல்லும். ஒரு ஆணுக்கு மூன்று நாலு பெண், ஒன்றைப்போல் ஒன்று இல்லாத நிறங்கள், ஒளிந்துகொள்ளக் கற்கள், கடினமான காரத்தன்மையுள்ள தண்ணீர். இத்தனையும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இவன் அமேசானின் மென்னீரில் வாழும் ஏஞ்சலையும் அதே தொட்டியில் விட்டிருந்தான்.

"ஆத்துல மட்டும் விடாதடா" என்றேன். "ஒரு மீனுதானே மாமா?"

ஒரு மீன்தான். ஆனால் நம்ம ஊர் மார்க்கெட்டில் ஜிலேபிக் கெண்டை என்று விற்பதும் ஆப்பிரிக்க சிக்லிட்தான்: மொசாம்பிக் திலாப்பியா. 1930-களில் அது ஜாவாவில் தென்பட்டது. முஜாயிர் என்பவர் அதை வளர்த்துப் பரப்பினார்; இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். 1952-ல் பாங்காக்கிலிருந்து இந்தியா வந்தது. இலங்கையிலிருந்தும் வந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பசித்த நாடு, மலிவான புரதம், எந்தக் குட்டையிலும் வளரும் மீன். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். வருஷத்துக்குப் பலமுறை ஈனும். குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். 1959-லேயே இதைப் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆய்வுக் குழு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மீன் அதற்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அமராவதி அணையில் அதுவே பெரும்பான்மை ஆனது.

ஆப்பிரிக்காவும் இதற்குத் தப்பவில்லை. 1950-களில் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச்சை விட்டார்கள். சில பத்தாண்டுகளில் சுமார் 200 சிக்லிட் இனங்கள் அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

தொட்டியில் தப்பான ஜோடி சேர்த்தால் நாலு மீன் சாகும், மறுநாள் பிரித்துவிடலாம். ஆற்றில் பிரிக்க முடியாது.

கொல்லிமலைக்கு இது இன்னும் பொருந்தும். அய்யாறு ஆகாய கங்கையாக 300 அடி விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. கீழே இருக்கும் எந்த ஜிலேபியும் அந்த அருவியில் ஏறி வர முடியாது. அருவி ஒரு மதில். அதைத் தாண்ட ஒரே வழி, 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் வரும் வாளிதான். அந்த நீலம் மலைத் தண்ணீரில் பிழைக்காமலே போகலாம். ஆனால் வாளிக்குப் பழகிய கை அடுத்த தடவை எதைக் கொண்டுவரும்?

அறப்பளீசுவரர் கோயில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்த மீனைப் பொருத்தி மறுபடி நீந்தவிட்டவர் என்பது அந்தச் சாமியின் கதை. கதையில் பொருத்தலாம். ஓர் ஆற்றில் இல்லாமல் போன இனத்தை எந்தக் கை பொருத்தும்?

ஞாயிற்றுக்கிழமை வாளியோடு மலையேறினேன். திரும்பும்போது 70 வளைவும் அந்த நீலம் என் காலடியில் தளும்பிக்கொண்டே இறங்கியது. இப்போது என் வீட்டில் தனித் தொட்டி, தனிப் பாறை. கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் சண்டை போடுகிறது.