கௌரவ உறுப்பினரும் ஒரு நாள் கூலியும்
அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அன்னை மீனாம்பாளைப் பற்றிப் பேசும் மேடைகளில் அவர் வகித்த பதவிகளைப் பட்டியலிடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் 'கௌரவ மாஜிஸ்திரேட்' என்று வரும் இடத்தில் நாம் கைதட்டுகிறோம், அடுத்த பதவிக்குப் போய்விடுகிறோம். இன்று அந்தக் 'கௌரவ' என்ற சொல்லிலேயே சற்று நிற்க விரும்புகிறோம். காரணம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கும் ஒரு தோழர் கேட்ட கேள்வி. பெண்கள் புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு உங்கள் பெயரைக் கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: "கூட்டத்துக்கு வர்ற அன்னிக்கு சம்பளம் யாரு குடுப்பாங்க அக்கா?"

அன்று எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிய வரலாறுதான் இந்த உரை.

1. 'கௌரவ' என்றால் என்ன?

மீனாம்பாள் 1904-இல் ரங்கூனில் பிறந்தார். அவருடைய தாத்தா மதுரைப் பிள்ளை அங்கே பெரும் வணிகர். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னையில் ஆதிதிராவிடர் அரசியலில் முன்னின்றவர். கணவர் ந. சிவராஜ் வழக்கறிஞர், சட்டக் கல்லூரிப் பேராசிரியர், பின்னாளில் சென்னை மேயர். இந்தப் பின்னணியில் மீனாம்பாள் மாநகராட்சி உறுப்பினராகவும் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் பல ஆண்டுகள் இருந்தார். 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை அரங்கில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் கொடியேற்றியவர் அவர்தான். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் வழங்கிய மாநாடு அது.

கௌரவ மாஜிஸ்திரேட் பதவி சம்பளமில்லாத பதவி. ஊரில் 'மதிப்புள்ளவர்கள்' பொதுநலனுக்காக நேரத்தைக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஆங்கிலேய அரசு உருவாக்கியது. யாருக்கு நேரம் இருந்ததோ அவர்களுக்கே அந்தக் கௌரவமும் கிடைத்தது. பெரும்பாலும் நிலமும் சொத்தும் உள்ள சாதி இந்து ஆண்களுக்கு. அந்த நாற்காலியில் ஒரு தீண்டப்படாத சமூகத்துப் பெண் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது சிறிய விஷயம் அல்ல. ஆனால் அவரால் அங்கே உட்கார முடிந்ததற்கு அவருடைய அறிவும் துணிவும் மட்டும் காரணமல்ல, குடும்பத்தின் வசதியும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது. சமூகத்தின் மற்றப் பெண்கள் அந்நேரம் மில்லில், வயலில், நகரசுத்தி வேலையில் இருந்தார்கள்.

2. நாக்பூரில் கேட்டது

அந்த மற்றப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கும் ஆவணம் உண்டு. 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை. அண்ணல் அம்பேத்கர் பேசினார். தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள்: மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும், மில், பீடி, நகராட்சித் தொழிலாளர் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், காயம்பட்டால் இழப்பீடு வேண்டும், மில்களில் பெண் மேற்பார்வையாளர்களை நியமிக்க வேண்டும், சட்டமன்றங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

விடுப்பும் பிரதிநிதித்துவமும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டிருக்கின்றன. இது தற்செயல் அல்ல என்பது எங்கள் வாசிப்பு. கூலி போகாத விடுப்பு இல்லாத பெண்ணுக்கு ஒதுக்கிய நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. 1944 செப்டம்பரில் சென்னையிலும் 1945 மே மாதம் பம்பாயிலும் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கிய மீனாம்பாள் இந்த மரபில்தான் நிற்கிறார்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வருவதற்கு 1992-இன் 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் வரை, அதாவது 50 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அது பாதியாக உயர்ந்தது 2016-இல். தீர்மானத்தின் முதல் பாதியாகிய கூலியோடு கூடிய விடுப்பு, எஸ்டேட்டின் பீஸ் ரேட் தொழிலாளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

3. தன்னார்வத்தின் விலை

ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற பெயரில் கிராமப் பெண்கள் ஊழியர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். சாத்தின் என்றால் தோழி. சொற்ப மதிப்பூதியம். பதேரி கிராமத்தின் பன்வாரி தேவி, குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர், 1985 முதல் சாத்தினாக இருந்தார். 1992-இல் ஆதிக்க சாதியான குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருக்கு அரசு கொடுத்த வேலை. அதற்காகவே அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டார். 1995-இல் அமர்வு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டான் என்ற தர்க்கம் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இந்த நிகழ்வை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றதில்தான் 1997 ஆகஸ்ட் 13-இன் விசாகா தீர்ப்பு வந்தது. பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான வழிகாட்டு நெறிகள் அதில்தான் பிறந்தன. தீர்ப்பு அவரை ஒரு கிராமத்தின் 'சமூக ஊழியர்' என்று மட்டும் குறிப்பிடுகிறது. பெயர் இல்லை, சாதி இல்லை. இன்று அலுவலகச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் உள்ளகப் புகார்க் குழுப் பலகைக்குக் கீழே ஒரு தன்னார்வ ஊழியரின் உடல் இருக்கிறது. சாதி அழிக்கப்பட்ட பிறகுதான் அந்த நிகழ்வு எல்லாப் பெண்களுக்குமான சட்டமாக மாறியது.

4. 'அல்லது'

2013-இல் அந்த நெறிகள் சட்டமாயின. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளியே குற்றம்சாட்டப்பட்டால் அதற்கும், மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1975-லேயே பெண்கள் நிலைக்கென ஏழு பேர் கொண்ட ஆணையம் அமைத்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை 1998-இல் நகரச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. நம் மாநகராட்சிகளுக்கு அப்படி ஓர் ஆணையம் கிடையாது. தேசிய மகளிர் ஆணையம் 1992-இலும் தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையம் 1993-இலும் வந்தன. நகரத்துப் பெண்ணுக்குச் சட்டப்படி மிக அருகில் இருப்பது இந்த மாவட்டக் குழுதான். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இதைவிட்டால் வேறு குழுவே இல்லை.

இந்தக் குழுவின் அமைப்பை மாணவர்கள் இரண்டு இடங்களில் கவனிக்க வேண்டும்.

ஒன்று, 1990-இன் தேசிய மகளிர் ஆணையச் சட்டம் உறுப்பினர்களில் பட்டியல் சாதியிலிருந்து ஒருவரும் பழங்குடியிலிருந்து ஒருவரும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 2013-இன் சட்டமோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லது இதரப் பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மையினரில் ஒரு பெண் இருந்தால் போதும் என்கிறது. 23 ஆண்டுகளில் 'உம்' போய் 'அல்லது' வந்துவிட்டது. பிற்படுத்தப்பட்ட சாதிகளே பெரும்பான்மையாக இருக்கும் தமிழ்நாட்டில் இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். தலித் பெண் ஒருவரும் இல்லாமலேயே குழு சட்டப்படி சரியாக இருக்கும்.

இரண்டு, பணம். மத்திய அரசின் 2013 விதிகளின்படி விசாரணை நடக்கும் நாளுக்குத் தலைவருக்கு 250 ரூபாய், உறுப்பினருக்கு 200 ரூபாய். பயணச் செலவுக்கு மூன்றடுக்கு ஏ.சி. ரயில், ஏ.சி. பேருந்து என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அம்பத்தூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் யூனிட் வண்டியில் மூன்றடுக்கு ஏது? அந்த விதியை எழுதியவர்களின் மனதில் இருந்த உறுப்பினர் யார் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. எங்கள் டெய்லர் தோழருக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றையக் கூலி மட்டும் போவதில்லை, மாதத்தின் அட்டெண்டன்ஸ் போனசும் சேர்ந்து போகும்.

5. எந்தப் பிளாட்பாரம்?

ஆவடி ஸ்டேஷனில் நின்றால் ஒரு பக்கம் சென்னை, மறு பக்கம் திருவள்ளூர். புகார் கொடுக்க வேண்டிய பெண் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும்?

அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் வருவாய்க் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம், அதன்பிறகு சென்னை மாவட்டம். 2022-இல் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர் காவல் நிலையம் அதன் கீழ் போனது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது, மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லி நகராட்சி, மாவட்டம் திருவள்ளூர், காவல் ஆவடி.

ஆவடியில் குடியிருந்து அம்பத்தூர் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் ஓட்டுப் போடுவது ஆவடியில். தொந்தரவு நடந்த இடம் சென்னை மாவட்டம், ஆகவே உள்ளூர்க் குழு சென்னையில். காவல் நிலையம் போனால் அது ஆவடி ஆணையரகம். நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எந்த அலுவலகம் என்று கண்டுபிடிப்பதிலேயே அதில் பாதி கரைந்துபோவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதற்காகவே நகராட்சி, வார்டு அளவில் புகாரை வாங்கி 7 நாளில் குழுவுக்கு அனுப்ப ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் வார்டில் அவர் யார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறோம். கை தூக்குங்கள்.

6. இரண்டு குழுக்களுக்கு நடுவே

தொந்தரவு செய்யும் சூப்பர்வைசர் சாதிப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறான் என்றால்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. பட்டியல் சாதிப் பெண்ணை அவர் விருப்பமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும் பேசுவதும் 2015 திருத்தத்தில் தெளிவாகக் குற்றமாக்கப்பட்டன. அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கவும் மாவட்டக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். அதிலும் அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் உண்டு.

ஆக இரண்டு குழுக்கள். ஒன்று பெண் என்று மட்டும் பார்க்கும், மற்றது சாதி என்று மட்டும் பார்க்கும். ஒன்றின் கோப்பு மற்றதன் மேசைக்குப் போக வழி வகுக்கப்படவில்லை. அதே 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா தன் கட்டுரையில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் வழக்கை எடுத்துக்கொண்டார். கறுப்பினப் பெண்கள் ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பின ஆண்களுக்கு வேலை இருந்தது, ஆகவே நிறப் பாகுபாடு இல்லை. வெள்ளைப் பெண்களுக்கு வேலை இருந்தது, ஆகவே பால் பாகுபாடு இல்லை என்றாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்க நீதிமன்றம் மறுத்தது. ரூத் மனோரமா முதலானோர் 1995-இல் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கியபோது சொன்னதும் இதைத்தான்: எங்கள் வலி இரண்டாகப் பிரித்து மனுக் கொடுக்கக்கூடியது அல்ல.

7. உட்கார வேண்டுமா?

இனி எங்களுக்குள் நடக்கும் விவாதத்துக்கு வருகிறோம். அதிகாரமில்லாத குழுவில், கூலியை இழந்து, பெயருக்கு ஒரு தலித் பெண்ணாக ஏன் உட்கார வேண்டும் என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் எழுந்துபோனால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. 'அல்லது' என்ற சொல் அதை நிரப்பிவிடும். சூப்பர்வைசர் பேசிய வசையில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த அறையில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே உட்கார்வோம், நிபந்தனையோடு. உறுப்பினருக்கு அவர் இழக்கும் கூலி முழுதாகத் தரப்பட வேண்டும். கூட்டங்கள் ஷிப்டுக்கு வெளியே, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நடக்க வேண்டும். தொடர்பு அலுவலரின் பெயரும் எண்ணும் எஸ்டேட் பேருந்து நிறுத்தங்களில் எழுதப்பட வேண்டும். சாதி கலந்த புகார் என்றால் குழு எழுத்துப்பூர்வமாக வன்கொடுமைக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இவை வரும்வரை, கூட்டத்துக்குப் போகும் தோழரின் அன்றையக் கூலியை நாம் சேர்ந்து தர வேண்டும். உண்டியல் வைத்து மாநாடு நடத்தத் தெரிந்த இயக்கத்துக்கு இது முடியாததல்ல.

மீனாம்பாளுக்கு அந்த நாற்காலியில் உட்கார வசதி இருந்தது. அந்த வசதியைத் தன் சமூகத்துப் பெண்கள் எல்லோருக்குமான உரிமையாக்கவே அவர் மாநாட்டு மேடைகளில் நின்றார். டெய்லர் தோழரின் கேள்விக்கு இப்போது எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது: அரசு தரும்வரை நாங்கள் தருகிறோம், நீங்கள் போய் உட்காருங்கள். பெயர் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கான உண்டியல் வாசலில் இருக்கிறது.

ஜெய்பீம்.