அலமாரிக்குள் வைத்தது யார்?

அரிக்கமேட்டைக் கண்டுபிடித்தவர் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் என்றே பலரும் சொல்வார்கள். 1944 ஜூலையில் எழும்பூர் அருங்காட்சியக அலமாரி ஒன்றில் கையை விட்டாராம். மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடியின் கழுத்து அகப்பட்டதாம். மறு ஆண்டே புதுச்சேரிக்குத் தெற்கே அந்த மேட்டில் அகழாய்வு. வீலரே எழுதிவைத்த கதை, படிக்கச் சுவைதான். ஆனால் அந்தச் சாடியை அலமாரிக்குள் வைத்தது யார்?

குத்தம்பாக்கத்துக்காரனான எனக்கு எழும்பூர் ஒன்றும் தூரமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் போதும். அருங்காட்சியகத்தை ஒட்டிய கன்னிமாரா நூலகத்தில் ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதலில் சிக்கியவர் அதே அருங்காட்சியகத்தின் ஏ. அய்யப்பன். 1941-லேயே அரிக்கமேட்டை 'தட்சிணத் தட்சசீலம்' என்று நாளிதழில் எழுதிவிட்டார். சாடி ஏன் எழும்பூரில் இருந்தது என்பதற்கு இதைவிடத் துப்பு வேண்டுமா? அவருக்கும் முன்னால், 1937-ல், ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வந்த கற்களில் ஒன்றில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலையைக் கண்டதாக நம்பினார்.

இன்னும் பின்னால் போனால் லெ ஜான்தீல். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த வானியலாளர். 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. பாவம் மனுஷன்! பக்கத்து மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்காரர்கள் மேட்டிலிருந்து பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுத்துப்போனதைக் குறித்துவைத்தவர் அவர்தான். கேட்டதற்கு, அது பழைய ராஜாவின் கோட்டை என்றார்களாம். கோட்டையோ இல்லையோ, மண்ணுக்கடியில் ஓர் ஊர் கிடப்பது வீலருக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முன்பே அந்த மீனவ ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

மண்ணுக்கடியில் கிடந்த அந்த ஊரின் வயதிலும் வீலரோடு ஒத்துப்போக முடியாது. இத்தாலியச் சிவப்புப் பாண்ட ஓடுகளைக் கால அளவுகோலாக்கி, இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்று தலைப்பிட்டார் அவர். கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் என்ற நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுதான் என்பதும் பலர் கருத்து. ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். அங்கே கிடைத்த, கிரேக்கத் தீவான கோஸின் பாணி மதுச்சாடிகளில் சில, ரோமப் பேரரசு உருவாவதற்கும் முந்தியவை. அவை வந்திறங்கியதும் வெறும் கரையில் அல்ல. கல்மணியும் கண்ணாடி மணியும் செய்து விற்ற தமிழ் ஊர் ஒன்றில்.