இரும்பும் இறைநம்பிக்கையும்



சென்ற பள்ளி விடுமுறையில், என் பழைய மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தையில் காண நேர்ந்தது. அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்லும் கிறித்தவர். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் பயிலும் அவர் மகன், மாலைதோறும் பளு தூக்கும் பயிற்சிக்குச் செல்கிறானாம்.

"ஒடம்பத்தான் கும்பிடுறான் ஐயா. கண்ணாடிய விட்டு நகர மாட்டேங்கிறான். இது பாவம் இல்லையா? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

நான் கிறித்தவன் அல்லன். சமய விளக்கம் தரும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும், வரலாற்றுப் பாடம் நடத்துபவன் என்னும் முறையில் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஐயத்தின் வேர்

அத்தாயாரின் கேள்வி மிகப் பழையது. பண்டைய கிரேக்க விளையாட்டுகள் அந்நாட்டுத் தெய்வங்களுக்கு எடுத்த விழாக்களாக நடைபெற்றன. ஆதலால் தொடக்கக் காலக் கிறித்தவர் பலர் அவற்றினின்று விலகி நின்றனர். ஏறத்தாழ கி.பி. 200இல் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக் காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். மற்போரும் அவருடைய கண்டனத்திற்குத் தப்பவில்லை.

ஆனால், வேதாகமத்தின் குரல் அத்துணைக் கடுமையானதன்று. கொரிந்து நகரத்தாருக்கு மடல் எழுதிய பவுல், உடலைத் தூய ஆவி குடியிருக்கும் ஆலயமாகக் காண்கிறார். ஓட்டப் பந்தய வீரனின் கட்டுப்பாட்டை இறைவாழ்வுக்கு உவமையாக்குகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் மடலோ, உடற்பயிற்சியின் பயன் சிறிது என்றும் இறைப்பற்றின் பயன் பெரிது என்றும் நிறுத்துப் பார்க்கிறது. பயன் சிறிது என்கிறதே அன்றி, பாவம் என்று சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இலண்டனிலிருந்து பாஸ்டனுக்கு

1844ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர், நண்பர்கள் சிலரோடு இலண்டனில் கிறித்தவ இளைஞர் சங்கத்தைத் (ஒய்.எம்.சி.ஏ.) தொடங்கினார். பிழைப்புத் தேடி நகரத்திற்கு வந்த இளைஞர்கள் வழிதவறாதிருக்கச் செபமும் வேதப் படிப்பும் துணையாகும் என்பது அவர்தம் எண்ணம். உடற்பயிற்சிக் கூடம் அப்போது அவர்களின் நினைவில் இல்லை.

1857 வாக்கில், சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் ஆகிய ஆங்கில எழுத்தாளர்களின் போக்கைத் 'தசைவலிக் கிறித்தவம்' என்று இதழாளர்கள் கேலியாக அழைத்தனர். கேலிப் பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று. நல்லுடலும் நல்லொழுக்கமும் ஒன்றையொன்று தாங்கும் என்பது அதன் அடிப்படை. இவ்வியக்கத்தில் குறை இல்லாமலில்லை. ஆண்மைச் செருக்கும் பேரரசுப் பெருமிதமும் அதனுள் புகுந்தன. ஹியூஸே 1861இல் வெளிவந்த தம் புதினத்தில், வெறும் தசைக்காரனையும் தசைவலிக் கிறித்தவனையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னவனுக்குத் தன் உடல் எதற்கென்று தெரியாது. பின்னவனோ, அதை அடக்கிப் பழக்கி, எளியோரைக் காக்கப் பயன்படுத்துவான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சங்கத்தில் ராபர்ட் ஜே. ராபர்ட்ஸ் என்பவர் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தி வந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் 'பாடி பில்டிங்' என்னும் சொல்லை 1881இல் அவரே உருவாக்கினார் எனச் சங்க வரலாறு குறிக்கிறது. ஆணழகன் மேடையோடு நாம் தொடர்புபடுத்தும் அச்சொல், கிறித்தவச் சங்கம் ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் பிறந்தது! ஆபத்தான வித்தைகளைவிட, எல்லாரும் செய்யத்தக்க எளிய, பாதுகாப்பான பயிற்சிகளையே அவர் வலியுறுத்தினார்.

1891இல் லூதர் குலிக், ஆவி, மனம், உடல் மூன்றையும் குறிக்கும் முக்கோணத்தைச் சங்கத்தின் சின்னமாக முன்வைத்தார். அதே ஆண்டு, இறையியல் கற்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் கூடைப்பந்தை உருவாக்கினார். இவ்வலை தமிழ் மண்ணையும் தொட்டது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றுள்ள கல்லூரி அதன் வளர்ச்சியே.

பால் ஆண்டர்சன்

பளு தூக்குதலுக்கு வருவோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932இல் பிறந்த பால் ஆண்டர்சன், சிறு வயதிலேயே சிறுநீரக நோயால் அவதியுற்றவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவர் கடுங்காய்ச்சலோடு களமிறங்கினார். இறுதித் தூக்கில் 187.5 கிலோவை உயர்த்த வேண்டும். இரு முறை முயன்று தோற்றார். எஞ்சியது ஒரே வாய்ப்பு. அந்தக் கணத்தில் இறைவனிடம் மன்றாடியதாக அவரே பின்னாளில் பலமுறை கூறினார். மூன்றாம் முறை பளு உயர்ந்தது. அவரும் அர்ஜென்டினாவின் செல்வெட்டியும் மொத்தம் 500 கிலோ என்று சமநிலையில் நின்றனர். உடல் எடை குறைந்தவர் என்பதால் தங்கம் ஆண்டர்சனுக்குக் கிடைத்தது.

என்னைக் கவர்ந்தது அப்பதக்கத்திற்குப் பின் நடந்தது. 1961இல் அவரும் துணைவியார் கிளெண்டாவும், சட்டத்தின் பிடியில் சிக்கிய இளைஞர்களுக்காக வைடேலியா என்னும் சிற்றூரில் இல்லம் ஒன்றைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று பளு தூக்கிக் காட்டியும் உரையாற்றியும் அதற்குப் பொருள் திரட்டினார் ஆண்டர்சன். உலகின் வலிமைமிக்க மனிதர் எனப் போற்றப்பட்ட அவருக்கு, 1983இல் உடன்பிறந்த சகோதரி தம் சிறுநீரகத்தை ஈந்தார். 1994இல் அவர் மறைந்தார்.

தாயாருக்குச் சொன்னது

மீண்டும் அத்தாயாரைச் சந்தித்தபோது இவற்றைச் சொன்னேன். "தம்பியைத் தடுக்காதீர்கள் அம்மா. அந்த வலிமைக்கு ஒரு வேலை கொடுங்கள்" என்றேன். சற்று யோசித்தவர், படுக்கையில் கிடக்கும் தம் மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க ஆளின்றித் தவிப்பதாகச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நாள்தோறும் பாட்டியைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்வது இப்போது பேரன்தானாம். கண்ணாடி பார்ப்பது குறைந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், உடற்கல்விப் பாடவேளையைப் பிடுங்கிக் கட்டுரைப் பயிற்சி நடத்தியவன் நான். திடலுக்குப் போக ஆயத்தமாய் நின்ற பிள்ளைகளின் முகங்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. உடலைத் தெய்வமாக்குவது ஒரு பிழை; அதைப் பொருட்படுத்தாமல் விடுவது மற்றொரு பிழை. முதற்பிழைக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் நாம், இரண்டாம் பிழையை எத்தனை முறை செய்திருக்கிறோம்?

சிந்திப்போம்.